சாம்பிள் பார்த்த மாத்திரை

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் சனிக்கிழமை தவறாமல் நான் போடியில் பஸ் ஏறித் தேவாரத்துக்குப் போய் என் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். அறுபத்தெட்டு வயதில் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்குத் தண்ணீர் தொட்டுச் சீவி, கையில் ஒரு சீப்பு பூவன்பழத்தோடு போகிறவனைப் பக்கத்து சீட்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஒருத்தரிடம் நிலத் தகராறு என்றேன். இன்னொருத்தரிடம், தேவாரத்தில் எனக்கு ஒரு யானை இருக்கிறது, வாரம் ஒருமுறை முகத்தைக் காட்டாவிட்டால் தீனி எடுக்காது என்றேன். அவர் யானையின் வயசு, தந்தம், குணம் எல்லாம் விசாரித்துவிட்டு, சிலமலையில் இறங்கியபின் ஜன்னல் பக்கம் வந்து, "பழம் ஒரு சீப்பு பத்தாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்டாட்டி என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாளா என்று தெரிந்துகொள்ளப் போகிறேன் என்றால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

அவள் பெயர் இவாஞ்சலின். தன் தம்பி எபனேசர் வீட்டில் இருந்தாள். எபனேசர் தேவாரத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் அவள், ஒன்றில் நான். எதிரே மேற்கு மலை.

"சாப்டீகளா?"

"சாப்ட்டேன்."

"பால்காரன் வாரானா?"

"வாரான்."

"மழையா அங்கன?"

"தூறல்."

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தை மூன்று கேள்வியில் முடித்துவிட்டு மலையைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். அவள் கை நாற்காலியின் கைப்பிடி மேல் கிடக்கும். ஒரு சாண் தள்ளி என் கை. அந்த ஒரு சாணைக் கடக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செப்டம்பரில் ஒருநாள் கேட்டுவிட்டேன். "வீட்டுக்கு எப்ப வார?"

ஆறுமாதமாய் இல்லாத தெளிவு அவள் கண்ணில் அப்போது வந்திருந்தது. அதனால் பதிலும் தெளிவாகவே வந்தது.

"அந்த வீட்ட நெனச்சாலே வாய் வறண்டு போகுதுங்க. சுவரெல்லாம் எம்மேல சாயிற மாதிரி இருக்கு. அங்கன என்னமோ இருக்கு."

"ஒண்ணும் இல்ல. நான் மட்டுந்தான் இருக்கேன்."

"உங்களப் பாத்தாலும் அப்பிடித்தான் இருக்கு. கோவிச்சுக்காதீக."

சொல்லிவிட்டு எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் தலையைக் கண்டதும் அவள் கை சொம்பைத்தான் தேடியது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது எனக்கு வாய் வறண்டது. இப்போது அவளுக்கு. வித்தியாசம் என்னவென்றால், அவள் வாய் எதனால் வறண்டது என்பது உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் பூவன்பழத்தோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

நான் போடியில் ஏலக்காய் தரம் பார்க்கிறவன். மூட்டைக்குள் குத்தூசியை விட்டு ஒரு பிடி எடுத்து, நிறம் பார்த்து, ஒரு காயைக் கடித்தால் போதும், மூட்டை முழுக்கச் சொல்லிவிடுவேன். எந்த எஸ்டேட், எந்தச் சரிவு, எத்தனை மணி நேரம் சூட்டில் உலர்த்தினார்கள், காயைப் பறித்த பெண் அன்றைக்கு வெற்றிலை போட்டிருந்தாளா என்பது வரைக்கும். கடைசி விஷயத்தை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

மார்ச் மாதம் இவாஞ்சலின் சும்மா உட்கார ஆரம்பித்தாள். சண்டையில்லை, சாவில்லை, மகன் பெங்களூரில் நன்றாகத்தான் இருந்தான். காலையில் அடுப்பங்கரைக்குப் போவாள், தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள், பத்து மணிக்கும் நிற்பாள். ஊர்க்காரர்களுக்குக் காரணம் வேண்டியிருந்தது. நான் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். பாஸ்டரிடம் உபவாச ஜெபம் என்றேன். எதிர்வீட்டுச் சண்முகத்தாயிடம், செத்துப்போன என் அம்மா இவாஞ்சலின் கனவில் வந்து ஏதோ கோபமாகப் பேசிவிட்டதாகச் சொன்னேன். சண்முகத்தாய் குச்சனூர் கோயிலுக்குப் போய் எள்ளு விளக்குப் போட்டுவிட்டு வந்தாள், சபைக்குத் தெரிய வேண்டாம் என்று நான் போட்ட கண்டிஷனோடு. விளக்குக்கும் கேட்கவில்லை, ஜெபத்துக்கும் கேட்கவில்லை.

எனக்கு என்ன குறைந்துபோனது என்று யாரும் கேட்கவில்லை. சபையில் அவள் ஆல்ட்டோ பாடுகிறவள், மெட்டுக்குக் கீழே ஓடுகிற இரண்டாம் குரல். வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் ஆல்ட்டோதான், மெட்டைப் பாடவே மாட்டாள். மெட்டு உங்க வேலை என்பாள். நான் ஹாலில் பேப்பர் படித்தபடி மெட்டைப் போடுவேன். அவள் நிறுத்தியபிறகு ஒருநாள் நான் தனியாகப் பாடிப் பார்த்தேன். சுவர் இல்லாமல் கதவை மட்டும் நட்டுவைத்த மாதிரி இருந்தது.

மே கடைசியில் தேனிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பெயர் வேல்விழி. அனுமந்தன்பட்டிப் பெண், அப்பா நெல் விவசாயி. இவாஞ்சலினிடம் அரைமணி நேரம் பேசினாக. "அம்மா, இது சோம்பல் இல்ல, பேயும் இல்ல. மனச்சோர்வுன்னு ஒரு நோய். மாத்திரைக்குக் கேக்கும்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் ராத்திரி ஒன்று என்று எழுதிக்கொடுத்தாக.

மாத்திரையை அன்றைக்கே அவளிடம் கொடுத்திருக்க வேண்டியதுதானே? ஆனால் நாற்பது வருஷம் சரக்குப் பார்த்த கை. நான் பார்க்காத எதுவும் என் வீட்டு அடுப்பில் ஏறியதில்லை. அவள் உடம்புக்குள் போகிற சரக்கைப் பார்க்காமல் எப்படி விடுவது? மருந்து இன்னும் வரவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு, அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து நானே போட்டுக்கொண்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஒன்று. ஒன்றும் ஆகவில்லை. நாலாவது நாள் ரெண்டாகப் போட்டேன். விடியற்காலையில் வழக்கம்போல எழுந்து, மூன்று இட்லிக்கு மேலே ஒரு இட்லி சாப்பிட்டு, மார்க்கெட்டுக்குப் போய் ஒரு வியாபாரியோடு சண்டையும் போட்டுவிட்டு வந்தேன். தூக்கம் இல்லை, மயக்கம் இல்லை, கூடுதல் சந்தோஷமும் இல்லை. சரக்கில் சாரம் இல்லை என்று முடிவு பண்ணினேன்.

அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். என் உடம்பு மருந்துக்கு அடங்காத உடம்பு. பல் பிடுங்கப் போனபோது மரத்துப்போக மூன்று ஊசி போட்டார்கள். எனக்கு மரக்கவில்லை, ஊசி போட்டவர் கைதான் மரத்துப்போச்சு. இவாஞ்சலின் கதை நேர்மாறு. குமுளி மலை ஏற வாந்தி வராமலிருக்க ஒரு சின்ன மாத்திரையில் பாதி கொடுத்தேன். போகும்போது தூங்கினவள் திரும்பி வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லை. அசையாத பொருள் என்று கண்டக்டர் அவளுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார். இந்த ரெண்டு கதையையும் நூறு கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட நானே அதைக் காதில் வாங்கவில்லை.

ஐந்தாம் நாள் அவளிடம் மாத்திரையைக் கொடுத்து, "டாக்டர் ராத்திரிக்கு ரெண்டு எழுதியிருக்காக" என்றேன். அட்டை தீர்ந்ததும் சீட்டைக் காட்டி வேறொரு கடையில் வாங்கிக்கொண்டேன்.

பத்து நாளில் வாய் வறண்டது. சொம்பு சொம்பாகக் குடித்தாள். பைபிளில் எழுத்தெல்லாம் ஓடுது என்றாள். நின்றால் தள்ளாடினாள். ஒருநாள் மத்தியானம் என்னை "அப்பா" என்று கூப்பிட்டு, பள்ளிக்கூடத்துக்கு மணியடிச்சிட்டாக என்றாள். மருந்து இப்போதுதான் பிடிக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் குளியலறைப் படியில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது.

தேனியில் டாக்டர் வேல்விழி அவள் கண்ணைப் பார்த்தாக, நாடியைப் பார்த்தாக, பிறகு என்னைப் பார்த்தாக.

"ஐயா, ராத்திரி ஒண்ணுதான குடுத்தீங்க?"

"ஒண்ணுதான்."

நான் ஆயுசில் சொன்ன பொய்களில் இதுதான் மிகச் சின்னது.

அந்த மாத்திரையை அன்றோடு நிறுத்தினாக. சென்னையில் ஏதோ ஆராய்ச்சிக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தம் கேட்கிறார்கள் என்று, இவாஞ்சலினிடம் கையெழுத்து வாங்கிக் கொஞ்சம் ரத்தம் எடுத்து அனுப்பினாக. எபனேசர் வேன் கொண்டுவந்தான். "அத்தான், அக்கா கொஞ்ச நாள் எங்கூட இருக்கட்டும்" என்றான். வேன் திரும்பும்போது அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். என்னையல்ல, வீட்டை. பயந்து பார்த்தாள்.

அங்கே வேறு மாத்திரை, கடுகளவில் ஆரம்பித்துக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் அவளாகத் தலை சீவினாளாம். செப்டம்பரில் எபனேசர் பெண்டாட்டி சாராளிடம், ரசத்தில் புளி அதிகம் என்று சொன்னாளாம். சாராள் போனில் அழுதுகொண்டே சொன்னாள், "அண்ணே, கொற சொல்றாக." நான் போனை வைத்துவிட்டு அந்த ரசத்தைக் குடிக்க முடியாமல்போன கவலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் குணமாகிக்கொண்டிருந்தாள், எனக்குப் பதினெட்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்தில்.

நவம்பர் முதல் வாரம் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினாக. நானும் எபனேசரும் போனோம். டாக்டர் சென்னையிலிருந்து வந்த ஒரு காகிதத்தை மேசையில் வைத்தாக.

"மாத்திரைய உடம்பு உடைச்சு வெளிய தள்ளணும். கல்லீரல்ல அதுக்குன்னு வேலையாள் மாதிரி ஒரு சாமான் இருக்கு. அத எப்பிடிச் செய்யணும்ங்கிற குறிப்பு அப்பாகிட்டருந்து ஒரு காப்பி, அம்மாகிட்டருந்து ஒரு காப்பி வரும். பெரும்பாலானவங்களுக்கு ரெண்டும் நல்லாருக்கும். சிலருக்கு மூணு, நாலு காப்பி இருக்கும், மருந்து உள்ள போன வேகத்துல காலியாயிரும். அம்மாவுக்கு ரெண்டு காப்பியுமே பழுது. அந்த மாத்திரையப் பொறுத்தவரை அவங்களுக்கு வேலையாளே கெடையாது. உள்ள போனது போனபடி சேந்துக்கிட்டே இருக்கும்."

"எனக்கும் அப்பிடி இருக்குமா டாக்டர்?" என்றான் எபனேசர். "நாங்க ஒரே வயித்துல பொறந்தவுக."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கூடப் பொறந்தாலும் காப்பி மாறி வரும்." பிறகு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினாக. "ஒரு மாத்திரையே அவங்களுக்கு அதிகம். நான் இன்னும் கம்மியா ஆரம்பிச்சிருக்கலாம். கை ஒடிஞ்சதுக்கு எம்மேலயும் தப்பு இருக்கு. மன்னிச்சிருங்க."

ஒரு நெல் விவசாயி மகள் என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறாக. வேலையாளே இல்லாத வீட்டு வாசலில் தினமும் ரெண்டு லோடு இறக்கினவன் நான். எபனேசரை டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன்.

"டாக்டரம்மா, ஒண்ணு இல்ல. ரெண்டு குடுத்தேன்."

டாக்டர் கழற்றின கண்ணாடியைத் திரும்ப மாட்டினாக.

"முதல்ல நான் போட்டுப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல. சரக்கு மட்டம்னு நெனச்சேன்."

"நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"சாம்பிள்."

டாக்டர் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தாக. சிரிப்பை அடக்கினார்களா, கோபத்தை அடக்கினார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "உங்களுக்கு மூணோ நாலோ இருக்கும்னு நெனக்கிறேன். ஐயா, ஏலக்கா ஒரு மூட்டையில எல்லாம் ஒரே செடி இனம். நீங்களும் அவங்களும் அப்பிடியா?" பிறகு சொன்னாக: "வீட்டால வந்துச்சுன்னு அவங்க நம்பிட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட அதத்தான் சொல்றாங்க. இத நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

சொன்னால் வீடு தப்பித்துவிடும். நான் மாட்டிக்கொள்வேன். சொல்லாவிட்டால் அவள் வரவே மாட்டாள். பஸ் முழுக்க இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை பழம் வாங்காமல் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை மூடிவிட்டு எபனேசரும் பின்பக்கம் வந்து மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். இவாஞ்சலின் என்னைக் கண்டதும் சொம்பைத் தேடினாள்.

"அந்த மாத்திரையில," என்றேன். "டாக்டர் ஒண்ணுதான் எழுதுனாக. நான்தான். ரெண்டு. அதாவது, முதல்ல நான், உனக்கு முன்னாடி, நாலு நாள்..."

எபனேசர் சிரித்தான். "அத்தான் ஆரம்பிச்சிட்டாக. போன மாசம் எங்கிட்ட யான கத, இந்த மாசம் மாத்திர கதையா?"

"இல்ல மாப்பிள்ள, நெசமா."

"யானையும் நெசம்னுதான சொன்னீக."

இவாஞ்சலின் சிரிக்கவில்லை. நான் பொய் சொல்லும்போது நாக்கு எண்ணெய் போட்ட மாதிரி ஓடும், தேதி கிழமையெல்லாம் தானாக வந்து விழும். இப்போது அது கல்லில் மாட்டிய வண்டிச் சக்கரம் மாதிரி திணறியது. அதை அவளைத் தவிர யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

"சும்மாரு எபனேசரு," என்றாள். "சொல்றது நெசந்தான்."

எபனேசர் சிரிப்பை நிறுத்தினான்.

"நீங்க முழுங்குனீகளா?"

"ஆமா."

"ஏன்?"

"கெட்ட சரக்கா இருந்தா எனக்கு ஆகட்டும்னு."

"எனக்கு ரெண்டுன்னு டாக்டர் சொன்னதாச் சொன்னீகளே."

"பொய்."

"வாய் வறளுது, கண்ணு தெரியல, கால் நிக்க மாட்டேங்குதுன்னு தெனமும் சொன்னேனே. அப்பவும் ரெண்டா?"

"ரெண்டுதான்."

அவள் முகம் சிவந்துகொண்டு வந்தது. எட்டு மாதமாக அந்த முகத்தில் நான் எந்த நிறத்தையும் பார்க்கவில்லை. தப்புச் செய்தவன் தலையைக் குனிந்திருக்க வேண்டும். நான் வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னைய ஏலக்கா மூட்டன்னு நெனச்சீகளா?"

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"செவுத்தப் பாத்துப் பயந்தேன். கூரையப் பாத்துப் பயந்தேன். முப்பத்தெட்டு வருசம் நான் கூட்டிப் பெருக்குன வீடு. அதப்போயி பேய் வீடுன்னு ஊரெல்லாம் சொன்னேன். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நானே நம்பிட்டேன். நீங்க பக்கத்துல உக்காந்து பழத்த உரிச்சுக் குடுத்தீக."

"இவா..."

"மூணு மாசம் என் ஆயுசுல காணோம். மூணு மாசம் உங்க மூஞ்சியப் பாக்க மாட்டேன். தேவாரத்துக்கு வரக்கூடாது."

"நடுவுல கிறிஸ்துமஸ் வருது."

"வரட்டும்."

"பொங்கலு..."

"அது இந்துக்களுக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க."

எழுந்து உள்ளே போனாள். சொம்பு நாற்காலி பக்கத்தில் நிறையத் தண்ணீரோடு அப்படியே இருந்தது, அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நான் பார்த்தேன், எபனேசரும் பார்த்தான். அவன் எதற்காகப் பார்த்தான் என்று தெரியவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் ஸ்டார் கட்டவில்லை. சண்முகத்தாய் அதிரசம் கொண்டுவந்து கொடுத்து, "எங்க இவாஞ்சலினக்கா?" என்றாள். கோபமாக இருக்கிறாள் என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை என்பதால் அவள் நம்பவில்லை. வீட்டின் ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்தேன். நேராகத்தான் நின்றன. வெள்ளையடித்தேன். அவள் புடவை பீரோவைத் திறந்து மூடினேன். உள்ளே நாப்தலின் வாசனையும் அதற்குக் கீழே அவளும்.

சனிக்கிழமைகளில்தான் கால் நிற்கவில்லை. தேவாரத்துக்கு வரக்கூடாது என்றுதானே சொன்னாள், வழியில் இருக்கிற ஊர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. டிசம்பர் முதல் வாரமே ராசிங்காபுரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அங்கே பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. தேவாரம் பக்கம் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து ரெண்டு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போடிக்குத் திரும்புவேன். தேவாரத்திலிருந்து வருகிற பஸ்களில் ஜன்னலோரம் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பார்ப்பதற்குத் தடையில்லை.

மூன்றாவது தடவை அப்படி உட்கார்ந்திருந்தபோது எபனேசர் டிவிஎஸ் வண்டியில் ரெண்டு யூரியா மூட்டையோடு வந்து நின்றான்.

"அத்தான், இங்கன என்ன பண்றீக?"

"டீ குடிக்கேன்."

"போடியில டீ இல்லையா?"

"தண்ணி சரியில்ல."

அவன் மூட்டையை ஒருமுறை இழுத்துக் கட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை அதே நேரத்துக்கு வந்தான். வண்டியில் மூட்டை எதுவும் இல்லை. இறங்காமல் காலை ஊன்றிக்கொண்டு சொன்னான்:

"அக்கா சொல்லச் சொன்னா. இன்னும் ஏழு வாரம் இருக்காம்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். விரல் விட்டு எண்ணினேன்.

"ஆறுன்னு சொல்லு மாப்பிள்ள."

"நீங்க அப்பிடித்தான் சொல்லுவீகன்னும் சொன்னா," என்றான். "ஏழுதானாம்."